விதைநெல்லுக்கு யார் விலை கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்துக்கு அடங்காத கிருமிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். செயற்கை நுண்ணறிவு புதுப்புது ஆன்டிபயாடிக்குகளைக் கண்டுபிடித்துத் தந்துவிடும் என்ற நம்பிக்கையோடு அது முடிகிறது. தரட்டும், சந்தோஷம். ஆனால் கண்டுபிடித்த மருந்தைக் காப்பாற்றி வைக்க நம்மிடம் போதிய ஏற்பாடு இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவமனை ஆய்வகத்தில், நோயாளியின் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டுகளோடு காலம் தள்ளியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

தட்டில் கிருமியைத் தடவி, மருந்து தோய்ந்த சின்னக் காகித வட்டுகளை வரிசையாக வைத்து, இரவு முழுக்க இன்குபேட்டரில் விடுவோம். காலையில் பார்த்தால், மருந்து கேட்கிற வட்டைச் சுற்றித் தெளிவான வளையம் விழுந்திருக்கும். ஸ்கேலால் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதுவோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரும்பாலான வட்டுகளைச் சுற்றி வளையம் இருக்கும். ஓய்வு பெறும் சமயத்தில், வட்டின் விளிம்பு வரை கிருமி மண்டிய தட்டுகள் வாரம் தவறாமல் வந்தன. ஒரு அம்மாவின் சிறுநீர்க் கல்ச்சருக்கு வரிக்கு ஒரு மருந்தாக, மருந்து கேட்காது என்பதற்கான ‘ஆர்’ போட்டுக்கொண்டே வந்து, கடைசி வரியில் மட்டும் கேட்கும் என்பதற்கான ‘எஸ்’ போட்டேன். ரிப்போர்ட்டை வாங்கிய மகன், “எங்க அம்மாவுக்கு எந்த மருந்துமே கேக்காதா சார்?” என்றார். டாக்டரைப் பாருங்கள் தம்பி என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

கட்டுரையில் ஒரு பெயர் விடுபட்டுவிட்டது: என்மெட்டாசோபாக்டம். சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தில் பிறந்த மூலக்கூறு. பெனிசிலின் குடும்பத்து மருந்துகளுக்கு உயிர்நாடி, நான்கு அணுக்களாலான ஒரு சிறு வளையம். எதிர்ப்புப் பெற்ற கிருமி ஒரு நொதியைச் சுரந்து அந்த வளையத்தை அறுத்துவிடும். அந்த நொதியை மடக்கிப் பிடிக்க டாசோபாக்டம் என்ற துணைமருந்து ஏற்கெனவே உண்டு. அதனோடு ஒரே ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்தார்கள். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். அதனால் மூலக்கூறில் ஒரு நேர்மின்னேற்றம் வந்து, அதிலிருந்த எதிர்மின்னேற்றத்தைச் சமன்செய்தது. கிருமியின் சவ்வைத் தாண்டி உள்ளே போவது எளிதாயிற்று. செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கடுமையான சிறுநீர்த்தொற்று உள்ளவர்களிடம் சோதித்தபோது, 79 சதவீதம் பேருக்கு நோயும் தணிந்து கிருமியும் ஒழிந்தது. டாசோபாக்டம் சேர்ந்த பழைய கூட்டுமருந்துக்கு அது 59 சதவீதம்தான். 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இதைப் படித்த அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

ஆனால் அது வந்த வழி லேசானதல்ல. மருத்துவச் சோதனைகளை நடத்தியது, உரிமை பெற்ற அலெக்ரா என்ற ஐரோப்பிய நிறுவனம். இடையில் ஆர்க்கிட்டே திவால் நடவடிக்கைக்குப் போய், 2020-ல் கைமாறியது. இத்தனைக்கும் பிறகு, புது தில்லியின் பெயர் சூட்டப்பட்ட என்.டி.எம். என்ற நொதி உள்ள கிருமிகளிடம் இந்த மருந்தும் தோற்கிறது. அந்த நொதி துத்தநாகத்தை வைத்து வளையத்தை அறுக்கிற வேறு ரகம். 2010-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியாகி உலகத்தையே உலுக்கிய என்.டி.எம். ஆய்வில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன என்பதை நாம் மறக்கக் கூடாது.

எங்கள் பக்கத்தில் விதைநெல்லை வைக்கோலில் கோட்டை கட்டி வைப்பார்கள். வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் அதில் கை வைக்க மாட்டார்கள். புது ஆன்டிபயாடிக்கையும் அப்படித்தான் வைக்க வேண்டும். எல்லோருக்கும் எழுதினால் சில வருடங்களில் அதுவும் கேட்காமல் போகும். ஆனால் விற்காத மருந்தை எந்தக் கம்பெனி தொடர்ந்து தயாரிக்கும்? அமெரிக்காவில் அகேயோஜன் என்ற நிறுவனம் பிளாசோமைசின் மருந்துக்கு 2018 ஜூனில் அனுமதி வாங்கியது. அடுத்த ஏப்ரலில் திவாலானது. பிரிட்டன் இதற்கு ஒரு வழி கண்டது. 2022 முதல் இரண்டு ஆன்டிபயாடிக்குகளுக்கு, எத்தனை குப்பி செலவானாலும் சரி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1 கோடி பவுண்டு வரை நிலையான தொகை கொடுக்க ஏற்பாடு செய்தது.

நம்மால் அந்த அளவுக்குக் கொடுக்க முடியாதுதான். ஆனால் மொத்தமாக மருந்து வாங்குவதில் நாட்டுக்கே வழிகாட்டிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நம்மிடம் இருக்கிறது. சென்னையில் பிறந்த இந்த மருந்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை பேசி, கல்ச்சர் ரிப்போர்ட் இல்லாமல் ஒரு குப்பியும் வெளியே போகாது என்ற நிபந்தனையோடு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருப்பு வைக்க முடியுமா? சுகாதாரத் துறையிடம் தங்கள் நிருபர் ஒருவர் இதை நேரில் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக டெக்னீஷியன் ஒருவர்,
பாளையங்கோட்டை.