வீட்டுத்தோட்ட மலர்ச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (2024 ஐப்பசி முதல் 2025 புரட்டாதி வரை)

தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, அங்கத்தவர்களே, அம்மாமாரோடு வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் சங்கத்தின் ஆண்டு ஏன் ஐப்பசியில் தொடங்குகிறது என்று புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருவர் கேட்டார். பஞ்சாங்கப்படி சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். வன்னியிலோ பூக்காலம் தையில் தொடங்கிப் பங்குனியில் நிறைந்து, சோழகம் என்னும் தென்மேல் காற்று எழும்போது அடங்கிவிடும். அதற்கான வேலை முழுவதையும் மாரி மழையோடு செய்து முடிக்கவேண்டும். ஐப்பசியில் தடி நடாதவரின் முற்றத்தில் பங்குனியில் பூ இராது. அதனால் எங்கள் கணக்கும் மழையோடு தொடங்குகிறது.

அந்த மழை இம்முறை எங்களைச் சோதித்தது. 2024 நவம்பர் கடைசிக் கிழமை விடாமல் பெய்ததில் பள்ளமான வளவுகளில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. 2018 டிசம்பர் வெள்ளத்தை மறக்காதவர்கள் முதல் நாளே சாடிகளை விறாந்தைக்கு ஏற்றிவிட்டார்கள். இடமில்லாதவர்கள் சாடிகளைப் பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்தார்கள். பார்த்தால் சின்ன வேலை. ஆனால் சரித்து வைத்த வீடுகளில் ரோசாவும் போகன்விலாவும் தப்பின. நிமிர்த்தியே விட்ட வீடுகளில் பாதிக்கு மேல் போய்விட்டன. சாடிக்குள் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகத் தொடங்கும். இலை வாடும். வாடுகிறதே என்று நாங்கள் இன்னும் ஒரு வாளி ஊற்றுவோம். இந்தத் தவறை இம்முறையும் சிலர் செய்தார்கள். அடீனியம் வைத்திருந்த எல்லோருமே அதை இழந்தார்கள். பாலைநிலத்துச் செடி அது. மாரி முழுவதும் கூரைக்குக் கீழேதான் இருக்கவேண்டும்.

வெள்ளம் வடிந்ததும் தலைவர் வீடுவீடாகப் போய் ஒரே சொல்லைத்தான் சொன்னார்: “இப்ப கொத்தாதேங்கோ.” ஈரமண்ணை மிதித்தாலும் கொத்தினாலும் அது காய்ந்தபின் ஓடுபோல் இறுகிவிடும். தண்டைச் சுற்றிப் படிந்த சேற்றைக் கையால் வழித்தெடுத்துவிட்டு மண் உதிரும் பதத்துக்கு வரும்வரை பொறுத்திருந்தோம். பொறுத்தவர்களின் மல்லிகைகள் அநேகமாகப் பிழைத்தன.

மழை விட்ட இடைவெளியில் என் வீட்டுப் பின்வேலியில் கார்த்திகைப்பூ வந்திருந்தது. யாரும் நட்டதில்லை. இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்திருந்தது. பச்சையும் மஞ்சளுமாக விரிந்த இதழ்கள் அடுத்தடுத்த நாட்களில் அடிவரை சிவந்தன. இரண்டு நாள் காலைத் தேநீரை அந்த வேலியடியில் நின்றுதான் குடித்தேன். பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு மறுபடியும் சொல்கிறேன், அதன் கிழங்கு கடும் நஞ்சு. பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

மார்கழிக் கடைசியில் மல்லிகை கத்தரிக்கும் செய்முறைக் கூட்டத்தை நடத்தினோம். எனக்கு மிகவும் திருப்தி தந்த கூட்டம் இதுதான். கூட்டம் நடந்த வீட்டு ஆச்சி முதலில் கத்தரிக்கோலைத் தொடவிடவில்லை. “பூக்கிற கொடியை வெட்டுறது பாவம், பிள்ளை” என்றார். சரி, பாதியை மட்டும் வெட்டுவோம் என்று பேசி, பற்றையின் கிழக்குப் பக்கத்தை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலைகளையும் உருவிவிட்டு, ஆட்டெருவும் பழைய குப்பை எருவும் போட்டோம். மேற்குப் பக்கத்தை அப்படியே விட்டோம். மாசி பிறந்ததும் வெட்டிய பக்கம் குருத்தெறிந்தது. பங்குனியில் ஒவ்வொரு குருத்தின் நுனியிலும் மூன்று மூன்றாக மொட்டு. வெட்டாத பக்கத்தில் இலைதான் அதிகம். ஆச்சி பின்னேரம் பூ ஆயும்போது கிழக்குப் பக்கமாகவே நின்று ஆய்வதை நானே பார்த்தேன். மல்லிகை புதுக்குருத்தில்தான் பூக்கும் என்பதை இனி நான் கூட்டம் வைத்து விளக்கத் தேவையில்லை. அந்தப் பற்றையைப் போய்ப் பார்த்தால் போதும். வருகிற மார்கழிக்கு மேற்குப் பக்கத்தையும் வெட்டச் சொல்லி ஆச்சியே அழைத்திருக்கிறார்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லவேண்டும். எங்கள் கிணறுகளின் தண்ணீர் கடினமானது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படலம் எல்லோருக்கும் தெரியும். அதே படிவு சாடி மண்ணிலும் சேர்கிறது. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாமல் போகிறது. எக்ஸோராவிலும் ரோசாவிலும் இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இதனால்தான். நோய் என்று நினைத்து மருந்தடித்தவர்கள் காசை வீணாக்கினார்கள். கூரைப் பீலிக்குக் கீழே ஒரு நீலப் பரல் வைத்து மழைத்தண்ணீர் பிடித்தவர்கள், அதைச் சாடிகளுக்கு மட்டும் சிக்கனமாக ஊற்றி மாசிவரை சமாளித்தார்கள். பரலின் வாயை வலைத்துணியால் இறுகக் கட்டவேண்டும். சாடிக்குக் கீழே வைக்கும் தட்டுகளையும் கிழமைக்கு ஒருதரமாவது கவிழ்க்கவேண்டும். பூ வளர்க்கிறோம் என்று டெங்கு நுளம்பை வளர்த்துவிடக் கூடாது.

ரோசாக் கன்றுகள் விடயத்தில் பிழை என்னுடையது. மலைநாட்டிலிருந்து கன்று கொண்டுவரும் வியாபாரி ஒருவரிடம் சங்கத்துக்கென வாங்கியபோது பங்குனி பிறந்துவிட்டது. பூவோடு வந்த கன்றுகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் குளிரில் வளர்ந்த வேர் எங்கள் பங்குனி வெயிலில் மண் பிடிக்கவில்லை. சில கன்றுகளில் ஒட்டு கருகி, ஒட்டுக்குக் கீழிருந்து காட்டுத்தண்டு மட்டும் எழும்பியது. பணம் கொடுத்தவர்களிடம் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்கிறேன். இனிமேல் கார்த்திகை, மார்கழியில் மட்டும் வாங்குவதென்றும், பூ இல்லாத கன்றையே தெரிவதென்றும் நிர்வாகசபை முடிவெடுத்திருக்கிறது. அந்தூரியம் வாங்கித் தரும்படியும் சிலர் கேட்டிருந்தார்கள். ஈரவலயத்துக் காற்றில் வளரும் செடியை இங்கே கொண்டுவந்து சித்திரை முழுவதும் வருத்தவேண்டாம் என்பது என் கருத்து. சபை வேறுவிதமாக முடிவெடுத்தால் கட்டுப்படுகிறேன்.

மாசியில் நடத்திய மலர்க்காட்சியில் பரிசு எதுவும் வைக்கவில்லை. பரிசு வைத்தால் ஆளுக்காள் தடி கொடுக்கமாட்டார்கள் என்று தலைவர் சொன்னது சரியாகவே இருந்தது. மார்கழியில் விதைத்து, ஒரு மாதத்தில் நுனி கிள்ளிவிட்ட செவ்வந்திகள் மேசை நிறைய மஞ்சளும் செம்மஞ்சளுமாக நின்றன. நுனி கிள்ளாதவற்றில் உயரமான தண்டும் ஒரு பூவும்தான். பால்மாத் தகரங்களில் பத்துமணிப்பூ வளர்த்துக் கொண்டுவந்த பாடசாலைப் பிள்ளைகள், வெயில் ஏறும்வரை தங்கள் பூ விரியவில்லை என்று கவலைப்பட்டார்கள். பத்து மணிக்குப் பிறகு அந்த மேசையைச் சுற்றித்தான் கூட்டம்.

பங்குனிக் கடைசியில் வேம்புகள் பூத்தன. மரத்துக்குக் கீழே பாயும் பழைய சேலையும் விரித்து, காலையில் உதிர்ந்ததைக் கூட்டி எடுத்து, உழுந்தும் செத்தல் மிளகாயும் சேர்த்து வடகம் போட்டோம். இதையும் பூந்தோட்டக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று நான் நிர்வாகசபையில் வாதாடியிருக்கிறேன். வருடப்பிறப்பன்று தலையில் வைத்து முழுகும் மருத்துநீருக்கு மாதுளம்பூவும் துளசியும் எங்கள் வளவுகளிலிருந்தே கோயிலுக்குப் போயின. தாழம்பூவுக்கும் தாமரைக்கும் வழமைபோல் வெளியே அலையவேண்டியிருந்தது. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போனவர்கள் தாங்களே கட்டிய மல்லிகை மாலைகளோடு போனார்கள். அதே நாட்களில் வீதியோரக் கொன்றைகள் இலை கொட்டிவிட்டு மஞ்சளாய்த் தொங்கின. கொன்றைக் கன்று கேட்டவர்கள் தங்கள் பெயரைத் தந்தால் விதை சேகரித்துத் தரலாம். விதையின் ஓடு கடினம், ஒரு பக்கத்தை உரசிவிட்டு ஊறப்போடவேண்டும்.

கட்டாக்காலி மாடுகளால் இழப்பு இவ்வருடமும் குறையவில்லை. அலரியும் நித்தியகல்யாணியும் மாடு வாய் வைக்காத செடிகள். அவற்றை வெளிவேலியோரம் நட்டு, ஆசைப்பட்ட செடிகளை உள்ளே வைக்கலாம். அலரியில் எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால் குழந்தைகள் விளையாடும் பக்கத்தில் வேண்டாம். குரங்குகள் செவ்வரத்தை மொட்டைத் தின்பதற்கு இன்னும் ஒரு வழியும் கிடைக்கவில்லை.

சோழகம் தொடங்கியபின் செய்ததெல்லாம் செடிகளை உயிரோடு வைத்திருக்கும் வேலைதான். தென்னம்பொச்சை நாரின் பக்கம் மேலே பார்க்க அடியில் அடுக்கியவர்கள் இரண்டு நாளுக்கு ஒருதரம் ஊற்றியே ஆவணியைக் கடந்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இனி ஒரு துயரச் செய்தி. நாங்கள் எல்லோரும் பெரியம்மா என்று அழைத்த மூத்த அங்கத்தவர் ஆவணியில் காலமானார். 2010இல் நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அவருடைய வீட்டுக்குக் கூரை இல்லை. கிணற்றடியில் அடுக்குச் செவ்வரத்தையின் அடிக்கட்டை மட்டும் கருகி நின்று, பக்கத்தில் ஆளுயரத்துக்குத் துளிர்த்திருந்தது. தறப்பாள் கட்டி முடிப்பதற்கு முன்பே பெரியம்மா அதில் தடி வெட்டி ஒழுங்கையில் வந்திறங்கிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொடுத்தார். கண்ணிவெடிக்குப் பயந்து நிலத்தைத் தோண்டாமலிருந்த நாட்கள் அவை. எனக்குக் கிடைத்த தடியை ஓட்டை வாளி ஒன்றில்தான் நட்டேன். இன்று எங்கள் ஒழுங்கை முழுவதும் வேலிக்கு மேலால் தெரியும் கடுஞ்சிவப்பு அடுக்குப் பூக்கள் எல்லாம் அந்த ஒரு கட்டையிலிருந்து வந்தவை. அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

பெரியம்மாவின் மகள் இன்று காலை அதே மரத்தில் வெட்டிய தடிகளை ஈரச்சாக்கில் சுற்றிப் பின்வாசலில் வைத்திருக்கிறார். கூட்டம் முடிந்து போகும்போது ஆளுக்கு இரண்டு எடுங்கள். பென்சில் மொத்தத்துக்குக் குறையாததாகப் பாருங்கள். இலைகளை உருவிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி சரிவாக நடுங்கள். மழை இந்தக் கிழமையே வரும்போலிருக்கிறது. இன்று பின்னேரமே நட்டுவிடுங்கள்.