கழிவெளிக்கு வந்த விருந்தாளிகள்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் பாட்டியும் சௌக்கியம். கஜகஸ்தானில், உன் அல்மாட்டியில் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது என்று போன வாரம் சொன்னாய். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது, துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியிலேயே தொங்குகிறது. இந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நான் பார்த்ததை எல்லாம் போனில் சொல்ல ஆரம்பித்தால், பாதியில் உனக்கு வகுப்புக்கு நேரமாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். ராத்திரி படுக்கப் போகும்போது நிதானமாகப் படி.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, விடிந்தும் விடியாத நேரம். வீட்டுக்குப் பின்னால் காக்கைகள் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு குருவி ஒண்டிக்கொண்டு நிற்கிறது. மைனாவை விடச் சின்னது. வால் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. முதுகு பச்சை, தோளில் பளிச்சென்று நீலம், கண்ணோடு சேர்த்துக் கட்டியது போலக் கறுப்புப் பட்டை, அதற்கு மேல் வெள்ளைப் புருவம், வாலடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக் குருவி! காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டிவிட்டு, மழைக்காலம் முடிந்ததும் தெற்கே கிளம்பும். இலங்கை வரைக்கும் போகும். ராத்திரியில்தான் பறக்கும். அசந்துபோய் விடியற்காலையில் இறங்கும்போது காக்கைகள் பிடித்துக்கொள்கின்றன.

பாட்டி உடனே பாலாடையில் தண்ணீர் கொண்டு வந்துவிட்டாள். நான் விடவில்லை. பயந்துபோன பறவையின் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, பழைய துண்டை விரித்து அதில் வைத்தேன். தூக்கும்போது அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் தையல் மிஷின் மாதிரி ஓடியது. பகல் முழுக்கக் கட்டிலுக்கு அடியில், இருட்டில் பேசாமல் இருந்தது. பொழுது சாய்ந்து காக்கைகள் அடைந்த பிறகு, ரயில்வே குவார்ட்டர்ஸ் வேப்பமரங்களுக்குப் பக்கத்தில் பெட்டியைத் திறந்தேன். ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. பிறகு தாழப் பறந்து புதருக்குள் போய்விட்டது. "எங்கிருந்தோ வந்து, நம்ம வூட்டுக்கு வந்துச்சு பாரு" என்று பாட்டி இன்னும் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதைக் கேட்கும்போது எனக்கு ஏர்போர்ட்டில் நடந்தது ஞாபகம் வரும். உன்னோடு வந்த பெண் எந்த ஏரியா என்று கேட்டாள். நீ அண்ணா நகர் என்றாய். எனக்குக் கோபம் இல்லை கண்ணு. ராத்திரியில் தொழிற்சாலை வாடை மூக்கை எரித்ததும், மொட்டை மாடியில் காயப்போட்ட யூனிபார்மில் கரி படிந்ததும், நீ இருமிக்கொண்டே பப்ளிக் பரீட்சைக்குப் படித்ததும் எனக்குத் தெரியாதா? ஆனால் எண்ணூர் என்று சொல்ல உனக்கு ஏன் வாய் வரவில்லை என்று ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். இப்போது உனக்கு இந்த ஊரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

ரிட்டயர் ஆனதிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது காலையில், கடல் தண்ணீர் ஏறி இறங்கும் நம் கழிவெளிப் பக்கம் போய்விடுகிறேன். வத்தத்தில் தண்ணீர் இறங்கியதும் சேறு மினுமினுவென்று தெரியும். பறவைகளுக்கு அதுதான் பந்தி. உப்புக்கொத்தி நாலடி ஓடி, நின்று, கண்ணால் பார்த்துக் கொத்தும். சின்ன உள்ளான் மேலோட்டமாகத் தையல் போடுகிற மாதிரி குத்திக்கொண்டே போகும். கருவால் மூக்கன் நீள மூக்கைக் கண் வரைக்கும் சேற்றில் இறக்கி, அடியில் இருக்கும் புழுவைத் துழாவி எடுக்கும். ஒரே சேறு, ஆனால் ஒருவர் இலையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. அவற்றுக்குக் கொஞ்சம் தள்ளி இருளர் பெண்கள் இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையாலேயே இறாலைத் தடவிப் பிடிப்பார்கள். அந்தக் கைக்கும் இந்த மூக்குக்கும் சோறு போடுவது அதே சேறுதான்.

பறவை பார்க்க வரும் காலேஜ் பையன்கள் ஒருநாள் அவர்களுடைய தொலைநோக்கியில் என்னையும் பார்க்க விட்டார்கள். மூக்கு கீழே வளைந்த உள்ளான் ஒன்று. முதுகு இறகுகளின் ஓரமெல்லாம் மீன் செதில் போல வெளுப்பாக இருந்தது. இந்த வருஷம் பிறந்த குஞ்சுக்குத்தான் அப்படி இருக்குமாம். சைபீரியாவின் வடகோடியில் பிறந்து, சுமார் 7,000 கிலோமீட்டர் வந்திருக்கிறது. பெரியவை முன்பே கிளம்பிவிடும், குஞ்சுகள் பிறகு தாமாகவே வழி கண்டுபிடித்து வரும் என்றார்கள். 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் ஒன்று, ஐந்து மாதக் குஞ்சு, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் கடந்ததாம். முதுகில் கட்டிய கருவி காட்டிய கணக்கு. இதைக் கேட்டதிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது.

பழவேற்காட்டில் பூநாரைகள் இன்னும் கொஞ்சம்தான் வந்திருக்கின்றன, தண்ணீர் வடிந்ததும் கூட்டம் சேரும். முகத்துவாரத்து மணலில் மூன்று சிப்பிப்பிடிப்பான்களைப் பார்த்தேன். கறுப்பு வெள்ளை உடம்பு, கேரட் போல மூக்கு. நம் பக்கம் அபூர்வம்தான். என் வாழ்நாளில் இதுதான் முதல் தடவை.

நல்லதை மட்டும் எழுதினால் பொய் சொன்னதாகிவிடும். கழிவெளியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து இறுகிப்போன இடங்கள் உனக்குத் தெரியும். சேற்றில் பார்த்தால் பறவைக் கால் தடம் கோலப்புள்ளி போல நிறைந்திருக்கும். பத்தடி தள்ளிச் சாம்பல் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு தடம் கூடக் கிடையாது. சாம்பலுக்கு அடியில் புழு இல்லை, அதனால் அவை அங்கே இறங்குவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோது நீ கூடத்தான் இருந்தாய். நெஞ்சு வரை கறுத்துப்போன கூழைக்கடாவைப் பார்த்து அன்றைக்கு நீ சாப்பிடவில்லை. எண்ணெய் பட்ட இறகுக்குள் தண்ணீர் புகுந்துவிடும், அலகால் கோதினால் அந்த விஷம் வயிற்றுக்குள் போகும். இவ்வளவுக்குப் பிறகும் அவை இங்கே வருகின்றன. மிச்சமிருக்கும் சேற்றையாவது விட்டுவையுங்கள் என்று மீனவர்களோடு சேர்ந்து நானும் மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கும் போவேன்.

கடைசியாக ஒன்று, இது உனக்காகவே வைத்திருந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்து அரசமரத்தில் சாயங்காலமானால் சோளக்குருவிகள் வந்து அடைகின்றன. கறுப்புத் தலை, மங்கலான ரோஜா நிற உடம்பு. ஆயிரக்கணக்கில் புகை போலச் சுழன்று சுழன்று ஒரே வீச்சில் மரத்துக்குள் இறங்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். இவை எங்கே கூடு கட்டுகின்றன தெரியுமா? நீ இருக்கிற நாட்டிலும் அதைச் சுற்றியும் உள்ள புல்வெளிகளில்தான். பாறை இடுக்கில் குஞ்சு பொரித்து, வெட்டுக்கிளியைக் கொடுத்து வளர்க்கும். பங்குனி, சித்திரையில் இங்கிருந்து கிளம்பிவிடும்.

அதனால் மே மாதம் தோழிகளோடு ஊருக்கு வெளியே போனால் புல்வெளியைப் பார். அங்கே அவை நல்ல ரோஜா நிறத்தில், கொண்டையோடு இருக்கும். கண்ணில் பட்டால் உடனே எனக்குப் போன் பண்ணு, நான் எந்த வேலையில் இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா
எண்ணூர்