ஆமைக் கலை அரங்கம்: பங்குனிக்குள் முடிக்க நன்கொடை வேண்டுகோள்

குப்பத்துப் பெரியோர்களுக்கும் கடலோரக் குடியிருப்புவாசிகளுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் ஆமைக் கலை அரங்கத்துக்கு இன்னும் ரூ. 1,32,500 குறைகிறது. ப்ரொஜெக்டர் கடைக்காரர் மாசி 10 வரைதான் பொறுப்பாராம்.

அரங்கத்தில் அப்படி என்ன இருக்கும்? இருட்டறையில் மணல் பரப்பி, அதன்மேல் ஆமைக் குஞ்சுகள் ஊர்வதுபோல் படம் விழும். சுவரில் நம் வீட்டு சுவிட்சுகள் மாதிரியே சுவிட்சுகள். ஒன்றைப் போட்டால் குஞ்சுகள் கடலை விட்டு ரோட்டுப் பக்கம் திரும்பும். அணைத்தால் கடலுக்குப் போகும். நிஜக் குஞ்சும் வெளிச்சத்தை நம்பித்தான் நடக்கிறது. அடுத்த அறையில் பழைய இழுவலை. உள்ளே கையை விட்டால் மூச்சுச் சத்தம் கேட்கும், கையை எடுக்காவிட்டால் அடங்கிவிடும். வலையில் சிக்கிய ஆமை மூச்சுமுட்டிச் சாவதும் இப்படித்தான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது அந்த நாற்றத்தில் நடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இது சாதாரணக் கரையா? 1970-களிலேயே பங்குனி ஆமையின் (ஆலிவ் ரிட்லி) முட்டையைத் தேடிக் காக்க ராத்திரி நடை தொடங்கிய கரை. 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடக்கிறார்கள். அவர்களுக்குத் தடம் காட்டியவர்கள் நம் தாத்தாக்கள் என்று இன்றும் திண்ணையில் பெருமை பேசுகிறோம். பேசினால் போதுமா?

செலவு: ப்ரொஜெக்டர் இரண்டு 1,10,000, சென்சார், கம்ப்யூட்டர், ஒயரிங் 86,000, பந்தல், மணல், தச்சுக்கூலி 78,000, ஒலி, கரண்ட், காவல் 46,000. மொத்தம் ரூ. 3,20,000. வந்தது 1,87,500.

தந்தவர்களை எப்படி மறப்போம்! சீட்டுப் பணத்திலிருந்து ரூ. 8,400 எடுத்துத் தந்த மீன்கூடை அம்மாக்கள். உண்டியலை உடைத்து 3,215 ரூபாயைச் சில்லறையாகவே கொட்டிய பள்ளிப் பிள்ளைகள் (எண்ணி முடிக்க ராத்திரி ஆனது). "என் வலையும் ஆமையைக் கொன்றிருக்கும்" என்று சொல்லி அந்த வலையையே கொடுத்துவிட்டுப் போன விசைப்படகுக்காரர். எல்லையம்மன் எல்லோரையும் காப்பாள்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாது, அதற்கா காசு?" என்றார் ஒருவர். ஐயா, அதன் வீட்டுக்குள் புகுந்தது நாம்தான். அப்புறம், கடலைப் பார்த்த மொட்டை மாடியில் ஃபோகஸ் லைட் போட்டிருக்கும் வீடுகளிலிருந்து இதுவரை ஒரு ரூபாய் வரவில்லை. பெயர் சொல்லப் போவதில்லை. லைட் எரிவது ஊருக்கே தெரிகிறது.

கோயிலை ஒட்டிய நூலக அறையில் தினமும் மாலை 6 முதல் 8 வரை பணம் வாங்குகிறோம். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு.

இப்படிக்கு,
அரங்கக் குழுவினர்