வெனிசுக்கு அரை நாள் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பக்கத்தில், ஐரோப்பா போய்வந்த ஓர் அன்பர் வெனிஸ் நகரத்தைப் பற்றி எழுதியிருந்தார். கூட்டம் தாங்கவில்லை, வாய்க்கால் நாறுகிறது, இந்த அழகில் நுழைவுக் கட்டணம் வேறு வாங்குகிறார்கள், அரை நாளே அதிகம் என்று. படித்ததும் மனசு கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. 2003இல் முதல்முறை போய்வந்தபோது நானும் கிட்டத்தட்ட இதையேதான் சொந்தபந்தங்களிடம் சொன்னேன்.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காகப் போன பயணம் அது. பன்னிரண்டு நாளில் எட்டு நாடு. 'வெனிஸில் ஓர் இரவு' என்று சுற்றுலா நிறுவனத்தார் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால், தங்கவைத்தது வெனிஸ் தீவுகளுக்கு எதிரே நிலக்கரையில் இருக்கும் மெஸ்த்ரேயில், தண்ணீரே கண்ணில் படாத பேருந்துச் சாலை ஓரத்தில். காலையில் பேருந்தில் கொண்டுபோய்ப் படகில் ஏற்றி சான் மார்க்கோ சதுக்கத்தில் இறக்கினார்கள். கண்ணாடி ஊதுவதைக் கொஞ்ச நேரம் காட்டினார்கள், அந்தக் கண்ணாடியை விற்கும் கடையில் அதைவிட அதிக நேரம் நிறுத்தினார்கள். புறாக்களுக்குச் சோளம் வாங்கிப் போட்டோம். அப்புறம் கொண்டோலா. படகுக்கு ஆறு பேர் என்று தலையை எண்ணி ஏற்றியதில் என் கணவர் முன்படகில், நான் பின்படகில். எத்தனையோ வருஷம் ஆசைப்பட்ட சவாரியில் அவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். நான்கு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

திரும்பப் போக வேண்டும் என்று தோன்றியது 2019 நவம்பரில். 12ஆம் தேதி இரவு 187 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கடல் ஏறி ஊருக்குள் வந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். 1966இல் வந்த 194 சென்டிமீட்டருக்கு அடுத்தது அதுதான். பத்திரப்படுத்தாமல் விட்ட ஒரு பொருளை நினைத்துத் துக்கப்படுவதுபோல அன்றைக்கு எனக்கு இருந்தது. அதற்குள் கொரோனா வந்துவிட்டது. கடைசியில் 2025 மே மாதம், நாங்கள் இருவர் மட்டும், ஐந்து இரவு தங்குவதாகப் போனோம்.

எனக்கு முட்டிவலி உண்டு. வெனிஸில் நானூறுக்கும் மேல் பாலங்கள், அநேகமாக எல்லாவற்றிலும் படிகள். ஆட்டோ கிடையாது, கார் கிடையாது, சைக்கிள்கூட ஓட்டக்கூடாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாம்தான் படியேற வேண்டும். அதனால் ஹோட்டலின் அழகைப் பார்க்காமல் படகுத்துறையைப் பார்த்து இடம் தேடினோம். பெருவாய்க்காலில் ஒன்றாம் எண் நீர்ப்பேருந்து இருகரையும் தொட்டுத் தொட்டுப் போகும். அதில் கா ரெத்சோனிகோ துறையில் இறங்கினால், ஒரு பாலம்கூட ஏறாமல் சந்து வழியாக சான் பர்னபா திடலுக்கு வந்துவிடலாம். அங்கே ஓர் அம்மா தன் சொந்த வீட்டில் நடத்தும் சின்ன விடுதியில் தங்கினோம். ஒரு தடவைப் பயணத்துக்கான டிக்கெட் ஒன்பதரை யூரோ, மூன்று நாள் டிக்கெட் 45 யூரோ. வயதானவர்கள் மூன்று நாள் டிக்கெட் எடுத்துவிட்டால், கால் வலிக்கும்போதெல்லாம் யோசிக்காமல் படகேறிக்கொள்ளலாம்.

முதல் நாள் சாயங்காலமே வித்தியாசம் தெரிந்தது. ஆறு மணிக்குமேல் வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் போகும் சுற்றுலாக் கூட்டங்கள் பேருந்துக்கும் ரயிலுக்கும் கிளம்பிவிடுகின்றன. திடலில் பிள்ளைகள் பந்து விளையாட வருகிறார்கள். எட்டு மணிக்குத் தட்டுகள் மோதும் சத்தம் மாடி ஜன்னல்களிலிருந்து வருகிறது. வண்டிச் சத்தமே இல்லாத ஊரில் நம் செருப்புச் சத்தம் நமக்கே கேட்கும். நாங்கள் இருவரும் பேசாமல் ஒரு மணி நேரம் நடந்தோம். தண்ணீர் வடியும் நேரத்தில் சில சின்ன வாய்க்கால்களில் வாடை வருவது உண்மைதான். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

விடுதியின் வாசல் நடையில், சுவரில் என் தொடை உயரத்துக்கு ஒரு நீலக்கோடு இழுத்து '12.11.2019' என்று எழுதியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கவனித்த அந்த அம்மா, கையை இடுப்பருகே வைத்துத் தண்ணீர் ஏறியதைக் காட்டினார். எனக்கு அவர் மொழி தெரியாது. கைப்பேசியை எடுத்து, 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கூடத்துச் சுவரில் படிந்திருந்த சேற்றுக்கறையின் படத்தைக் காட்டினேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய சமயம் அது. படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். இப்போது கடல் ஏறும் சமயங்களில் மோசே என்ற தடுப்பை எழுப்புகிறார்கள். கடல் உள்ளே வரும் மூன்று வாய்களிலும் சேர்த்து 78 கதவுகள். 2020 அக்டோபரில் முதன்முதலாக நிஜ வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தின. ஊரை அப்படியே விட்டுவிடாமல் இவ்வளவு செய்திருக்கிறார்களே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் ஊர் வேறு வழியில் காலியாகிக்கொண்டிருக்கிறது. ரியால்டோ பாலத்துக்குப் பக்கத்தில் சான் பர்த்தலோமியோ திடலில் ஒரு மருந்துக்கடை ஜன்னலில், இன்றைக்கு இந்த ஊரில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று சிவப்பு எழுத்தில் ஓர் எண் எரிகிறது. 1951இல் பழைய நகரத்தில் 1,75,000 பேர் இருந்தார்கள். 2022இல் அது ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. வேலைக்காகவும் வசதிக்காகவும் அந்தக் காலத்திலேயே பலர் கிளம்பினார்கள். இப்போது வீடுகளெல்லாம் பயணிகளுக்கு நாள்வாடகைக்குப் போவதால், இருக்க நினைப்பவர்களுக்கும் வீடு கிடைப்பதில்லை. அதனால்தான் நாங்கள் முழு வீட்டை வாடகைக்கு எடுக்காமல், வீட்டுக்காரரும் கூடவே இருக்கும் விடுதியாகப் பார்த்தோம்.

அன்பர் குறைப்பட்ட கட்டணத்துக்கு வருகிறேன். 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாட்களில் மட்டும், காலை எட்டரை முதல் மாலை நான்கு வரை, அன்றே வந்து அன்றே போகிறவர்களிடம் வாங்குகிறார்கள். ஐந்து யூரோ, கடைசி நேரத்தில் பதிந்தால் பத்து. இரவு தங்குகிறவர்களுக்குக் கிடையாது. பெயரைப் பதிந்துகொண்டால் போதும். இதனால் கூட்டம் குறையும் என்று எனக்கும் நம்பிக்கை இல்லை. ஊரை டிக்கெட் போட்டுப் பார்க்கும் காட்சிசாலை ஆக்காதீர்கள் என்று அங்குள்ளவர்களே தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதற்காக இதை வழிப்பறிபோல எழுதுவது நியாயமில்லை. நாம் போட்டுவிட்டு வரும் குப்பையைக்கூட அங்கே கைவண்டியில் தள்ளிப் படகில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மற்றபடி, சதுக்கத்தில் புறாத் தீனி விற்பது 2008லேயே நின்றுவிட்டது. 2003இல் வீட்டுக் கூரைகளுக்கு மேலே நகர்ந்துபோன பிரம்மாண்டமான கப்பல்களையும் 2021 ஆகஸ்டிலிருந்து அந்தப் பக்கம் விடுவதில்லை. இரண்டுமே நல்ல காரியம்.

தூத்துக்குடிக்காரியாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்து காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் எழுதிவைத்த மார்க்கோ போலோ இந்த ஊர்க்காரர். அவர் குடும்பத்து வீடு இருந்த இடம் ரியால்டோவுக்கு அருகே ஒரு முற்றம். அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, நாங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். எங்களை அதைவிட அதிகம் நிறுத்திவைத்தவை திடல்தோறும் இருந்த பழைய கிணறுகள். சுற்றிலும் உப்புத் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. திடலில் விழும் மழையை மணலில் வடித்து இந்தக் கிணறுகளில் சேர்த்துத்தான் 1884இல் குழாய்த் தண்ணீர் வரும்வரை குடித்தார்கள். வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணியை எதிர்பார்த்துக் குடத்தோடு நின்றவர்களுக்கு அந்தக் கிணறுகள் சட்டென்று புரியும்.

கொண்டோலாவுக்கு இப்போது பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. நாங்கள் ஏறவில்லை. சாந்தா சோஃபியா துறையிலிருந்து எதிர்க்கரைச் சந்தைக்கு, ஊர்க்காரர்கள் போகும் துடுப்புப் படகில் போனோம். தலைக்கு இரண்டு யூரோ, முன்னும் பின்னும் இரண்டு பேர் துடுப்புப் போடுகிறார்கள். நடுவில் நின்றுகொண்டே கடக்கலாம். படகு ஆடியதும் என் கணவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். எண்ணி மூன்று நிமிஷம் இருக்கும். கரையேறியதும், "இன்னொரு தடவை போவோமா?" என்றார். திரும்பிப் போய், மறுபடி வந்தோம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் இதழில் வெளிநாட்டுச் சுற்றுலா விளம்பரங்கள் நிறைய வருகின்றன. இரவு தங்கவைப்பது எந்த ஊரில் என்று அதில் பெயரோடு போடச் சொல்லுங்கள். 'வெனிஸ்' என்று போட்டுவிட்டு மெஸ்த்ரேயில் இறக்கினால், வாழ்நாளில் ஒருமுறை போகிறவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? இரண்டு நாட்டைக் குறைத்து இங்கே இரண்டு இரவு கொடுங்கள் என்று வாசகர்களும் கேட்கட்டும்.

அந்த அன்பர் மறுபடி போவதாக இருந்தால் ஏப்ரல் கடைசியில் போகட்டும். சான் பர்னபாவில் பாலத்தடியில் ஒரு படகிலேயே காய்கறிக்கடை வைத்திருக்கிறார்கள். சாந்த் எராஸ்மோ தீவில் விளையும் ஊதா ஆர்டிசோக் என்ற காயின் முதல் மொட்டு அந்தச் சமயத்தில்தான் வரும். மெல்லிசாக அரிந்து, எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் உப்பும் சேர்த்துப் பச்சையாகவே சாப்பிடலாம். விடுதி அம்மா சொல்லிக்கொடுத்தது. மூன்றாம் நாள் எங்களைப் பார்த்ததுமே கடைக்காரர் கேட்காமல் எடுத்து வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
தூத்துக்குடி.