மைதானம் சும்மா கிடக்கிறது என்று எழுதுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராம விளையாட்டு மைதானங்கள் பற்றிச் சென்ற வாரம் தாங்கள் எழுதிய தலையங்கத்தில், அரசு இவ்வளவு செலவழித்து மைதானம் அமைத்துக் கொடுத்தும் பிள்ளைகள் கைப்பேசியை விட்டு எழுந்து வருவதில்லை என்று ஒரு வரி இருந்தது. தங்கள் இதழை நெடுங்காலமாகப் படிப்பவன், உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்த வரி மனத்தைப் புண்படுத்திவிட்டது. பிள்ளைகள் வந்தார்கள். ஆட முடியாமல் திரும்பிப் போனார்கள். ஏன் என்று அங்கே போய்க் கேட்டிருந்தால் தலையங்கம் வேறு மாதிரி வந்திருக்கும்.

ஊராட்சி மைதானம் என்பது பெரும்பாலும் ஒரு வாலிபால் தளம், ஒரு கபடித் தளம், ஓரத்தில் ஒரு பெயர்ப்பலகை. இதில் முதலில் கெடுவது வாலிபால் தூண். வலையை இழுத்துக் கட்டும்போது கம்பிக்கயிற்றின் இழுவை முழுவதும் தூணின் அடியில்தான் இறங்கும். முக்கால் மீட்டராவது குழி எடுத்துக் கான்கிரீட் போட்டால்தான் தாங்கும். ஒரு அடிக் குழியில் நட்டுவிட்டுப் போனால் சில வாரத்திலேயே இரண்டு தூணும் உள்பக்கமாகச் சாயும், வலை நடுவில் தொங்கும். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் என்ற உயரம் அதன்பிறகு நிற்காது. தூணைச் சுற்றிக் கான்கிரீட்டின் மேல்முகம் வெளிப்புறம் சரிந்திருக்க வேண்டும். அதைக் குழிவாக விட்டால் மழைநீர் அங்கேயே நின்று, தரையோடு தரையாக இரும்பை அரித்துவிடும். பக்கக்கோட்டிலிருந்து அரை மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நட வேண்டிய தூணைக் கோட்டின்மேலேயே நட்டிருப்பதையும் பார்க்கலாம். பந்தை எடுக்க ஓடுகிறவன் நேரே அதில் மோதுவான்.

கபடித் தளத்தின் கதை இதைவிட மோசம். கிராவலைக் கொட்டி ரோலர் ஓட்டி, ஆண்களுக்கான 13க்கு 10 மீட்டர் அளவில் சுண்ணாம்புக் கோடு போட்டால் படத்தில் நன்றாகத்தான் தெரியும். பாடி வருகிறவனின் கணுக்காலுக்குப் பாய்கிற பையனுக்கு முழங்காலும் தொடையும் உரிந்துவிடும். அடுத்த நாள் அவன் வரமாட்டான், அவன் அம்மாவும் அனுப்பமாட்டார். கபடிக்கு ஒரு அடி ஆழம் தோண்டி, கல்லைப் பொறுக்கி எடுத்து, சலித்த செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்ப வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்பது பொதுவாக ஒத்துவரும். ஈரமண்ணைக் கைக்குள் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம். மணல் கூடினால் கால் புதைந்து கணுக்கால் பிசகும். கண்மாய் வண்டலைக் கலந்தால் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். முதல்நாள் மாலை தண்ணீர் தெளித்து, மறுநாள் ஈரம் சற்று இழுத்த பிறகு உருளை போட வேண்டும். சேறாக இருக்கும்போது உருட்டினால் மண் உருளையோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். இந்த வேலைக்கு இயந்திரம் வேண்டியதில்லை. மண் தெரிந்த ஒரு ஆள் போதும்.

ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லாத விஷயங்களும் தவறுகின்றன. தளத்தின் நீளம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் நிலத்தின் வரப்பையொட்டிக் கிழக்கு மேற்காகக் கோடு போட்டுவிடுகிறார். பிள்ளைகள் ஆட வருவது மாலை ஐந்து மணிக்கு. ஒரு அணி முழுக்க சூரியனைப் பார்த்துக்கொண்டு எப்படிப் பந்தைத் தூக்கும்? தண்ணீர் வடிவதற்காக வெளித்தளத்தில் மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் சரிவு இருக்கலாம் என்று வாலிபால் விதியே சொல்கிறது. நடுவிலிருந்து பக்கக்கோடு வரையிலான நாலரை மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு மட்டமாகப் போட்டால் ஐப்பசி மழை தளத்திலேயே தங்கும். போதாததற்குப் பக்கத்துச் சாலையை ஒவ்வொரு முறை போடும்போதும் அதன் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது, மைதானம் பள்ளமாகிறது. தை பிறக்கும்போது தளம் முழுக்க நெருஞ்சியும் ஓரமெல்லாம் சீமைக்கருவேலமும்தான். வெறுங்காலோடு ஆடுகிற பிள்ளைகள் அங்கே எப்படிக் கால் வைப்பார்கள்?

ஆடி மாதம் முழுக்கக் காற்றடிக்கிற எங்கள் பக்கத்தில் திறந்தவெளியில் ஷட்டில் தளம் அமைத்ததைப் பற்றி என்ன சொல்ல! கம்பளிப் பந்தில் ஆடும் பூப்பந்துக்கு 24க்கு 12 மீட்டர் இடம் விட்டிருந்தால் ஊரே ஆடியிருக்கும்.

ஐயா, ஒவ்வொரு திட்டத்தையும் தங்கள் இதழ் செய்தியாக வெளியிட்டிருக்கிறது. 2006ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் மைதானம் வந்தது. 2019-20ல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டத்தில் மறுபடியும் வந்தது. ஆட்சி எதுவானாலும் பணம் வருவது அமைப்பதற்குத்தான். அறுத்தெடுத்த பழைய தூணின் அடிக்கட்டை தரைக்கு மேல் இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்க, அதற்குப் பக்கத்திலேயே புதுத் தூண் நட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டையைத் தோண்டி எடுக்க மதிப்பீட்டில் இடம் இல்லையாம்.

பராமரிப்புக்குப் பணம் தந்த ஒரு திட்டமும் இருந்தது. 2008-09ல் மத்திய அரசு கொண்டுவந்த பைக்கா (PYKKA) என்ற ஊராட்சி இளைஞர் விளையாட்டுத் திட்டம் தங்களுக்கு நினைவிருக்கும். மைதானம் அமைக்க ஊராட்சிக்கு ஒரு லட்சம் ரூபாய். அதோடு ஐந்து ஆண்டுகளுக்கு, விளையாட்டுப் பொருள் வாங்க ஆண்டுக்கு 10,000, நடத்தும் செலவுக்கு 12,000. கிரீடாஸ்ரீ என்ற பெயரில் ஊரிலேயே ஒருவருக்கு மாதம் 500 ரூபாய் மதிப்பூதியம். தொகை மிகக் குறைவு. அந்த ஐந்நூறுக்கு யாரும் தினமும் வந்து நிற்க முடியாது. ஆனாலும் மைதானத்துக்கு ஒரு ஆளும் ஆண்டுதோறும் பணமும் வேண்டும் என்ற எண்ணமாவது ஏட்டில் இருந்தது. 2014ல் அது ராஜீவ் காந்தி கேல் அபியான் ஆகி, 2016ல் கேலோ இந்தியா என்ற மத்திய அரசின் விளையாட்டுத் திட்டத்துக்குள் சேர்ந்தது. ஊராட்சிக்கு வந்துகொண்டிருந்த அந்தச் சிறு தொகை போயே போய்விட்டது. அன்று அதைப் பற்றி ஒரு தலையங்கம் வந்திருக்க வேண்டும்.

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் ஒரு நல்ல விதி இருக்கிறது. வேலைக்கு அனுமதி தரும் முன்பே, கட்டியதை யார் பராமரிப்பார் என்று பயன்படுத்தப்போகும் அமைப்பிடம் உறுதி வாங்க வேண்டும். உறுதிக்கடிதம் கோப்பில் இருக்கிறது. அதற்கான தொகை எந்தக் கணக்கிலும் இல்லை.

2024ல் எல்லா ஊராட்சிகளுக்கும் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தார்கள். நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். அந்தத் தொகுப்பு ஊராட்சி அலுவலகத்து பீரோவில் இருக்கும். அலுவலகம் பூட்டுகிற நேரமும் பிள்ளைகள் பள்ளி விட்டு வருகிற நேரமும் ஒன்று. சாவிக்காக ஊராட்சிச் செயலர் வீட்டு வாசலில் எந்தப் பெண்பிள்ளை போய் நிற்கும்? காற்றடிக்கும் ஊசி முதல் மாதத்திலேயே ஒடிந்துவிடும். ஊசி சில ரூபாய்தான், அதை வாங்க எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்று செயலருக்குத் தெரியவில்லை. சைக்கிள் கடையில் கல்லுப்போல் காற்றடித்து வாலிபாலின் தையல் பிரிந்துபோகிறது. வலையை இரவும் பகலும் கட்டியே விட்டால் வெயிலிலும் பனியிலும் நைலான் நைந்து, ஆறு மாதத்தில் கையோடு வருகிறது. தினமும் அவிழ்த்து உள்ளே வைக்க ஆள் வேண்டும். மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கிறோம்.

நிலமும் சுருங்குகிறது. புறம்போக்கில் அமைத்த மைதானம் எந்த நிலம் என்ன வகை என்று குறித்துவைக்கும் வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டில் விளையாட்டுத் திடல் என்று ஏறாதவரை அது எல்லாருக்கும் காலியிடம்தான். முதலில் மூலையில் டிரான்ஸ்ஃபார்மர், பிறகு மேல்நிலைத் தொட்டி, பிறகு ரேஷன் கடை. எல்லாமே ஊருக்கு வேண்டியவை என்பதால் யாரும் தடுக்க முடியாது. சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்றாக மூன்று கோடியில் சிறு விளையாட்டரங்கம் வருவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடைசி பஸ் ஆறரை மணிக்குப் போய்விடும் ஊரின் பிள்ளைக்கு அந்த அரங்கம் எட்டாது.

கைப்பேசியை விட்டு எழுவதில்லை என்றீர்கள். 2025ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் ஆடிய கார்த்திகா, சென்னை கண்ணகி நகரிலிருந்து போன பிள்ளை. அந்தத் தலைமுறையைப் பார்த்தா இப்படி ஒரு சொல்?

இரண்டு டிராக்டர் செம்மண், சுண்ணாம்புத்தூள், இரண்டு வலை, ஊசியும் பம்பும், ஆண்டுக்கு ஒருமுறை தூணுக்கு ரெட் ஆக்சைடும் பெயின்டும், மழைக்குப் பிறகு களையெடுக்கக் கூலி: எல்லாம் சேர்த்து இன்றைய விலையில் ஓர் ஊராட்சிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய்க்குள் அடக்கிவிடலாம் என்பது என் கணக்கு. மாலையில் இரண்டு மணி நேரம் வந்து திறந்து மூட ஒருவருக்குக் கௌரவமான மாதத்தொகை தனி. இதைத் தங்களால் ஒதுக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தங்களால் முடிந்ததைத்தான் கேட்கிறேன். மைதானத் திறப்பு விழாப் படம் வெளியிடும்போது, ரிப்பன் வெட்டியவர்களின் பெயர்களுக்குக் கீழே இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: மாலையில் சாவி யாரிடம் இருக்கும், ஆண்டுப் பராமரிப்பு எந்தத் தலைப்பிலிருந்து எவ்வளவு. அதிகாரிகளிடம் பதில் இல்லை என்றால், பராமரிப்புக்குத் தொகை ஒதுக்கப்படவில்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
புதுக்கோட்டை மாவட்டம்