செயலாளர் ஆண்டறிக்கை, 2023–24

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் சனிக்கிழமைகளில் பாளையங்கோட்டையில் நடந்தன. அக்டோபர் 10, உலக மனநல நாளன்று கல்லூரி மாணவர்களைச் சந்தித்து, டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416-ஐ எடுத்துச் சொன்னோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வேண்டியது டிசம்பரைப் பற்றி.

17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறியது. திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையம் முங்கியது. சிந்துபூந்துறையில் இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், தன் வீட்டுச் சேற்றை அள்ளிக் கொட்டிய மறுநாளே, பாதிக்கப்பட்டவர்களிடம் பேசி ஆறுதல் சொல்ல நிவாரண முகாமுக்கு வந்துவிட்டார். யாரும் அழைக்கவில்லை. அங்கே பீடி சுற்றும் பாட்டி ஒருவர், இலையும் தூளும் வெள்ளத்தோடு போனதைச் சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென நிறுத்தி, "நீ சாப்பிட்டியா தாயி?" என்றார். அதுவரை தாங்கியிருந்த நம் உறுப்பினர் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அதன்பிறகும் ஒரு நாள் விடாமல் வந்தார். பிப்ரவரிக் கூட்டத்தில்தான் தூக்கம் தொலைந்ததைச் சொன்னார்: "வராம இருந்தா தப்புப் பண்ண மாதிரி உறுத்துது அண்ணாச்சி. வந்தா, எதிர்ல இருக்கவங்க சொல்லுறது காதுல ஏறவே மாட்டேங்கு."

நம்மை இந்த வேலைக்குக் கூட்டிவந்ததே கடமையுணர்வுதான். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 'இது எனக்கு முக்கியம்' என்று வருவதும், 'வராவிட்டால் குற்றம்' என்று வருவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் ஊக்கம் பற்றிய தங்கள் கோட்பாட்டில் இவ்விரண்டையும் பிரித்தே வைத்தார்கள். இரண்டாவது வகை ஆளை வற்றச் செய்கிறது. மனம் களைத்துப்போவது, எதிரில் இருப்பவர் வெறும் 'கேஸ்' ஆகிவிடுவது, நம்மால் என்ன பயன் என்று தோன்றுவது: 1981-இல் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சனுடன் சேர்ந்து வெளியிட்ட பணிச்சோர்வு அளவுகோல் பார்க்கும் இந்த மூன்றையும் அந்த உறுப்பினர் தன் வாயாலேயே சொன்னார்.

ஜனவரிக் கூட்டத்தில் அவரை எழுப்பி நிறுத்திக் கைதட்ட வைத்தது நான்தான். அந்தக் கைதட்டலே அவரை வீட்டில் இருக்க விடாமல் துரத்தியிருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், இங்கும் கேட்கிறேன்.

இனி முகாமுக்கு இருவராகவே செல்வோம். மூன்று நாள் வேலைக்கு ஒரு நாள் ஓய்வு கட்டாயம். மாதம் ஒருமுறை மூத்தவர் ஒருவரிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். "இன்று முடியாது" என்பவரிடம் யாரும் காரணம் கேட்கக் கூடாது. அந்த உறுப்பினர் இப்போது வியாழக்கிழமை மட்டும் வருகிறார்.

அறிக்கையையும் இந்த நான்கு முடிவுகளையும் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்