கணினிக்கான டிரைவரை நீங்களே தாருங்கள்: கன்சோல் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கேம் கன்சோல் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்களில் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து போன வாரம் எனக்குப் பதில் வந்தது. கன்ட்ரோலர், அதாவது கையில் பிடித்து ஆடும் கருவி, கன்சோலுக்கானது, கணினியில் வரும் சிக்கலுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று இரண்டே வரி. நான் கேட்டிருந்தது ஒரே கேள்விதான்: உங்கள் கன்ட்ரோலரைக் கணினியில் செருகி பட்டனை ஒரு முறை அழுத்தினால் விளையாட்டு ஏன் அதை இரண்டாக எடுத்துக்கொள்கிறது?

காரணம் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. 2005ல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுடன், கன்ட்ரோலரின் அழுத்தங்களை விளையாட்டுக்குச் சொல்லும் எக்ஸ்இன்புட் என்ற முறை வந்தது. அதன் பிறகு விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை அந்த முறையில் வரும் கன்ட்ரோலரைத்தான் எதிர்பார்க்கின்றன. வேறு முறையில் இயங்கும் கன்ட்ரோலரைச் செருகினால் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளும்; சோதனைப் பக்கத்தில் அழுத்துகிற பட்டனுக்கெல்லாம் விளக்கு எரியும். பல விளையாட்டுகளில் மட்டும் எந்த அசைவும் இருக்காது.

அதனால் நாங்கள் இடையில் ஒரு மென்பொருளைப் போடுகிறோம். அது கணினிக்குள் போலியாக ஓர் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை உருவாக்கும். அசலையும் படிக்கத் தெரிந்த விளையாட்டாக இருந்தால் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. அசல், போலி இரண்டையும் அது படிக்கும். மெனுவில் 'தொடர்', 'சேமி', 'வெளியேறு' என்று மூன்று வரி இருக்கிறது என்று வையுங்கள். கீழே ஒரு தட்டு தட்டினால் 'தொடர்' என்பதிலிருந்து நேரே 'வெளியேறு' என்பதற்குத் தாவும். மேலே தட்டினால் திரும்பவும் 'தொடர்'. நடுவில் இருக்கும் 'சேமி'யில் நிற்கவே முடியாது. தெரியாமல் 'வெளியேறு' மீது அழுத்திவிட்டாலோ, "நிச்சயமாகவா?" என்ற கேள்விக்கு இரண்டாவது அழுத்தமே 'ஆம்' என்று சொல்லிவிடும். அதுவரை ஆடியதெல்லாம் போச்சு.

இதைச் சரிசெய்ய அசல் கன்ட்ரோலரை விளையாட்டின் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும். அதற்கு ஹிட்ஹைட் போன்ற இன்னொரு மென்பொருள், அதற்கென்று இன்னொரு டிரைவர், அதாவது ஒரு கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள். இவற்றையெல்லாம் எழுதித் தந்தவர்கள் உங்கள் ஊழியர்களா? இல்லை. தன்னார்வலர்கள், தங்கள் சொந்த நேரத்தில் செய்தது. போலிக் கன்ட்ரோலரை உருவாக்க இந்த மென்பொருள்களில் பல நம்பியிருந்த விஜெம்பஸ் என்ற டிரைவரின் பணி 2023ல் நிறுத்தப்பட்டது. விற்ற பொருளுக்கான காசு உங்களுக்கு, அதை இயங்க வைக்கும் பாடு ஊர்பேர் தெரியாத யாரோ ஒருவருக்கு என்பது எந்த நியாயம்?

செய்ய முடியாத வேலை இல்லை இது. விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸின் 2021ல் வெளிவந்த 5.12 பதிப்பில், பிளேஸ்டேஷன் 5இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்கான டிரைவரை சோனியே எழுதிச் சேர்த்தது. லாஜிடெக் எஃப்310 என்ற கன்ட்ரோலரின் பின்பக்கம், எக்ஸ்இன்புட்டுக்கு எக்ஸ், பழைய டைரக்ட்இன்புட் முறைக்கு டி என்று இரண்டு எழுத்தும் ஒரு சிறு சுவிட்சும் இருக்கும். தள்ளினால் முறை மாறிவிடும், தீர்ந்தது வேலை. அந்தச் சுவிட்சை வைக்க உங்கள் விலையுயர்ந்த கன்ட்ரோலரில் இடமில்லையா?

விசைப்பலகையில் ஆடலாமே என்று சிலர் சொல்வார்கள். விரல் வலியாலும் கை நடுக்கத்தாலும் அது முடியாதவர்கள் இருக்கிறார்கள். கன்ட்ரோலர் இல்லையென்றால் அவர்களில் பலருக்கு விளையாட்டே இல்லை.

கேபிள் கதை தனி. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளும் தரவையும் கடத்தும் கேபிளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. சார்ஜ் கேபிளில் செருகினால் கன்ட்ரோலரில் விளக்கு எரியும், கணினிக்கு அது வந்ததே தெரியாது. பழுதே இல்லாத கன்ட்ரோலரைப் பழுதென்று எத்தனை பேர் திருப்பி அனுப்புகிறார்களோ! கட்டைவிரலால் நகர்த்தும் ஸ்டிக்கைத் தொடாமலே அது நகர்வதாக விளையாட்டு எடுத்துக்கொள்ளும் தொல்லையைப் பற்றியும் சொல்லலாம். ஸ்டிக்கின் அசைவைக் காந்தத்தால் அறியும், உரசித் தேயாத ஹால் சென்சார்கள் கடைக்கு வந்த பிறகும், உரசித் தேய்கிற பொட்டென்ஷியோமீட்டர் என்ற பாகத்தையே இன்னமும் வைக்கிறீர்கள். அதை இன்னொரு மடலில் எழுதுகிறேன்.

இப்போது கேட்பது இதுதான். விண்டோஸுக்கான டிரைவரை நீங்களே எழுதி, நீங்களே பராமரித்து, இலவசமாகத் தாருங்கள். அது வரும்வரை எந்தக் கேபிள் வேண்டும், புளூடூத்தில் எப்படி இணைப்பது, இரட்டை அழுத்தம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு பக்கமாவது எழுதி வெளியிடுங்கள். கணினி என்ற சொல்லைக் கேட்டதும் கதவைச் சாத்தாமல் அந்தப் பக்கத்தையாவது காட்டும்படி உங்கள் சேவைப் பிரிவுக்குச் சொல்லி வையுங்கள். தயவுசெய்து டிரைவரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்